ஞாயிற்றுக்கிழமைக் குளம்

ஓர் இடத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்த்துவிட்டு அதன் குணம் முழுக்கத் தெரிந்துவிட்டதாக நினைப்பது சுத்த அசட்டுத்தனம். பெண் பார்க்க வந்து காபி குடித்த அன்று பார்த்த மாப்பிள்ளையை நம்பிக் கழுத்தை நீட்டுகிற மாதிரிதான் அது. என் விஷயத்தில் மாப்பிள்ளை நல்லவராக அமைந்துவிட்டார். இடம்தான் ஏமாற்றிவிட்டது.

நாங்கள் அப்போது நியூ ஜெர்சியில் இருந்தோம். கணவர், இரண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் குழம்பாமல் சரிசெய்கிற ஒய்டுகே வேலைக்கென்று வந்தவர். நான் வேலைக்குப் போக அனுமதியில்லாத எச்-4 விசாவில் அவர் பின்னால் வந்து, வீட்டில் சும்மா இருந்தவள். மூன்று வேளை சமைத்து, மூட்டை தூக்கிப் போய் லாண்டரி போட்டு, கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டி, வந்து போகிற பேச்சிலர் பையன்களுக்கெல்லாம் தோசை சுட்டுப் போடுவதற்குச் சும்மா இருப்பது என்று பெயர். இரண்டாயிரம் பிறந்தும் உலகம் அழியாமல், கம்ப்யூட்டர்களும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த அந்த வசந்த காலத்தில் நான் கர்ப்பமாக இருந்தேன். டாக்டரம்மா நன்றாக நடக்கச் சொன்னார். எடிசன் என்ற ஊர்ப் பக்கத்து மாலில் நடந்து நடந்து, கடைக்காரப் பெண்கள் என்னைப் பார்த்துக் கை காட்டுகிற அளவுக்குப் பழகிவிட்டது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹைவேயில் எக்ஸிட்டைத் தவறவிட்டு வழி தெரியாமல் சுற்றியபோதுதான் அந்த இடம் கண்ணில் பட்டது.

சாலையோரம் ஒரு பழுப்புப் பலகை. அதில் 'வைல்ட்லைஃப்' என்று பெரிதாக எழுதியிருந்தது. நம் ஊரில் அந்தச் சொல் பலகையில் இருந்தால் அது சரணாலயம். கீழே சின்ன எழுத்தில் சத்தம் போடாதே, கல் எறியாதே, பறவைகளைத் துன்புறுத்தாதே என்று இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை, படிக்காமலே தெரியும். எங்கள் ஈரோட்டுப் பக்கம் வெள்ளோட்டில் ஏரிக்குப் பறவைகள் வருகின்றன என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கிராமங்கள் உண்டு. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த இரண்டு பேர் வேறு எப்படி யோசிப்போம்? இந்தப் பலகையிலும் கீழே சின்ன எழுத்தில் நிறைய எழுதியிருந்தது. நாங்கள் படிக்கவில்லை.

உள்ளே போனால் கண்ணுக்கு எட்டும்வரை புல்வெளி, நடுநடுவே பட்டை பட்டையாகச் சோளமும் சூரியகாந்தியும் விதைத்திருந்தார்கள். போன வருஷத்துச் சோளத் தட்டு அறுக்கப்படாமல் காய்ந்து நின்றது. ஓர் ஆளைக் காணோம்.

"இவ்ளோ சோளத்தையும் அறுக்காம உட்டுட்டாங்களே, பாவம், என்ன ஆச்சோ?" என்றேன்.

"பறவைக்குன்னு வெதச்சிருப்பாங்களாட்ட இருக்குது," என்றார் கணவர். அவர் காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் விவசாயம் பார்த்த குடும்பம். பயிரைப் பார்த்தால் நின்றுவிடுவார்.

"எவ்வளவு நல்ல மனுசங்க!" என்று மெச்சிக்கொண்டேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

பாதையோரம் விரல் நீளத்தில் சிவப்பு பிளாஸ்டிக் குழாய்கள் கிடந்தன, ஒரு முனையில் பித்தளை மூடியோடு. அதையும் எடுத்துப் பார்த்தோம். ஏதோ அமெரிக்கப் பட்டாசு, போன ஜூலையில் அவர்கள் சுதந்திர தினத்துக்கு வெடித்தது என்று முடிவு கட்டித் தூக்கிப் போட்டோம். படித்த மனிதர்கள், இருவருமே பட்டதாரிகள்.

வயல்களைத் தாண்டினால் குளம். நீளமான மண் கரை, மறுபக்கம் கோரைப்புல், நடுவில் வாத்துகள். கரையின் ஒரு மூலையில் கான்கிரீட் பெட்டி மாதிரி ஒன்று, அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகைகள் சொருகியிருந்தன. கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, நம்மூரு மதகு," என்றார். சந்தோஷமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டோம். மதகு இருந்தால் தண்ணீரைத் திறந்துவிடவும் ஒரு நாள் வரும் என்று வாய்க்கால்காரருக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அங்கேதான். தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக்கொண்டு போய்க் கரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். தண்ணீர்ச் சத்தமோ வாத்துச் சத்தமோ, அங்கே போனால் வயிற்றுக்குள் இருந்தவன் உதைக்க ஆரம்பிப்பான். "சாருக்கு எடம் புடிச்சுப் போச்சு," என்பார் அவர். நான் அவர் கையை எடுத்து அங்கே வைப்பேன். என் வாழ்க்கையின் மிக நல்ல நாள்கள் எவை என்று கேட்டால், இன்றும் கூசாமல் அந்த ஞாயிறுகளைத்தான் சொல்வேன்.

ஜூலையில், ஏழாம் மாதத்திலேயே, வலி வந்துவிட்டது. பையன். கணவரின் உள்ளங்கையில் அடங்குகிற அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள், உடம்பெல்லாம் ட்யூப்களோடு, ஒரு மஞ்சள் போர்வையில் சுற்றி வைத்திருந்தார்கள். சில நாள்கள் இருந்தான். பிறகு இல்லை. இதை நான் எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். இந்த இரண்டு வார்த்தைக்கு மேல் வரமாட்டேன் என்கிறது.

பேர் வைக்கவில்லை. ஊரில் ஜோசியரிடம் எழுத்துப் பார்த்துச் சொல்கிறோம், முப்பதாம் நாள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக் காகிதங்களில் எல்லாம் 'பேபி பாய்' என்றுதான் இருந்தது.

அதற்கப்புறம் யார் யாரோ வந்து மெதுவான குரலில் என்னென்னவோ கேட்டார்கள். கணவர் தலையாட்டினார். தகனம் ஆகிவிட்டது. ஊருக்கு ஃபோன் போட்டுச் சொன்னபோது அத்தை, அதாவது என் மாமியார், அழுதுகொண்டே திட்டினார்.

"ஏ அம்மிணி, பச்சப் புள்ளைய நெருப்புல வெப்பாங்களா? பொதைக்கோணும்னு தெரியாதா? ஒரு வார்த்த எங்களக் கேக்கோணுமா இல்லியா?"

எனக்குத் தெரியாது. யாருக்குத்தான் தெரியும்? இதற்கெல்லாம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டா விமானம் ஏறுகிறார்கள்? ரிசீவரைக் கணவர் கையில் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஃபியூனரல் ஹோமில் ஒரு வெள்ளைப் பெட்டி கொடுத்தார்கள். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு அதிகம் மிஞ்சாது என்று அங்கிருந்தவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். உள்ளே இருந்தது ஒரு விபூதி டப்பாவில் அடங்கிவிடும். அதைச் சாமி அலமாரியில் வைப்பதா, படுக்கை பக்கத்தில் வைப்பதா என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஓடற தண்ணியில கரைக்கோணும்," என்றார் கணவர். "பீச்சுக்குப் போலாம். நம்மாளுக எல்லாரும் அங்கதான் போறாங்களாம். கரைச்சுட்டு, திரும்பிப் பாக்காம வந்தரோணும்."

"கடல் வேண்டாங்க. அவ்ளோ பெரிய தண்ணி. பயந்துக்குவான்."

"அப்பறம்?"

"நம்ம குளத்துக்குப் போலாம். வாத்து இருக்குது. யாரும் வந்து தொந்தரவு பண்ண மாட்டாங்க. நாமளும் வாரா வாரம் போய்ப் பாக்கலாம்."

போய்ப் பார்ப்பதற்காக அல்ல, போய்ச் சேர்வதற்காகத்தான் கரைக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிறு, மதகிலிருந்து கொஞ்சம் தள்ளி, கரையோரத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கரைத்தோம். வாத்துகள் ஒதுங்கிப் போயின. நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் காருக்கு வந்தேன்.

பிறகு ஞாயிறுதோறும் போனேன். கணவரும் வருவார், கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை. "அது நடந்து போச்சு," என்று சொல்வார், 'அது' என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கரையில் உட்கார்ந்து பையனிடம் நானே பேசிக்கொண்டிருப்பேன். இன்றைக்கு ரசத்தில் உப்பு கூடிப் போச்சு, உங்கப்பா வாயைத் திறக்காமல் குடிச்சார், இந்த மாதிரி. பைத்தியம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். உலகத்தில் எந்த உயிருக்கும் ஒரு கெடுதலும் நடக்காத ஓர் இடத்தில் என் பிள்ளையை விட்டிருக்கிறேன் என்ற ஒரு நினைப்பில்தான் மீதி ஆறு நாள்களும் எழுந்து பல் துலக்கிச் சமைத்தேன்.

நவம்பரில் எனக்கு டிரைவிங் லைசென்ஸ் வந்தது. ஒரு சனிக்கிழமை, கணவருக்கு ஆபீசில் ஏதோ ரிலீஸ். முதன்முதலாகத் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு, ஸ்டியரிங்கை விட்டால் ஓடிப்போய்விடும் என்பது போலப் பிடித்துக்கொண்டு, அங்கே போய்ச் சேர்ந்தேன். எப்போதும் காலியாகக் கிடக்கும் பார்க்கிங்கில் நிறுத்த இடமில்லை. வரிசையாகப் பிக்கப் டிரக்குகள், நாய்க் கூண்டுகள். கார்க் கதவைத் திறந்ததும் சத்தம் கேட்டது. ஒரு நொடி பட்டாசு என்றே நினைத்தேன். அடுத்த நொடி அந்தச் சிவப்புக் குழாய்கள் ஞாபகத்துக்கு வந்தன.

வயல் முழுக்க ஆரஞ்சுச் சட்டை போட்ட ஆள்கள். கையில் துப்பாக்கி. சோளத்துக்குள்ளிருந்து நீள வாலோடு ஒரு கோழி போன்ற பறவை மேலே எழும்பியது, சத்தம், கீழே விழுந்தது, ஒரு நாய் ஓடிப்போய்க் கவ்வியது. நான் நின்றிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அந்தப் பலகை இருந்தது. இப்போதும் அதைப் படிக்க எனக்கு நேரமில்லை. கரையைப் பார்த்து ஓடினேன். சுடிதாரும் ஸ்வெட்டரும், காலில் வீட்டுச் செருப்பு.

கரையில் இரண்டு பேர், ஒரு கறுப்பு நாய். ஒருவர் வயதானவர், இன்னொருவர் இடுப்புக்கு மேல் வரும் ரப்பர் கால்சட்டை போட்ட தடித்த ஆள். என் சத்தத்துக்கு வாத்துகள் எழும்பின. தடித்த ஆள் துப்பாக்கியைத் தூக்கினார், நேராக எங்கள் இடத்துக்கு மேலே.

"சுடாதீங்க! என் பையன் உள்ளே இருக்கான்!" என்று இங்கிலீஷில் கத்தினேன்.

வாய் தவறி வந்த வார்த்தை இல்லை அது. இதைச் சொன்னால் நிறுத்துவார்கள் என்று தெரிந்துதான் சொன்னேன். அதோடு, அது பொய் என்றும் எனக்குத் தோன்றவில்லை. இன்றுவரை அதற்காக நான் வருந்தியதும் இல்லை.

துப்பாக்கி இறங்கியது. வயதானவரின் முகம் வெளுத்துப்போனது. கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார். ஊதிவிட்டு வயலைப் பார்த்து, குழந்தை ஒன்று உள்ளே இருக்கிறது, சுடாதே, சுடாதே என்று கத்தினார். அந்தக் கத்தல் அடுத்த வயலுக்குப் போனது, அங்கிருந்து அதற்கடுத்த வயலுக்கு. கொஞ்ச நேரத்தில் அத்தனை சத்தமும் நின்றுவிட்டது. துப்பாக்கிகளை மடித்துக் குண்டை வெளியே எடுத்துவிட்டு, நாய்களைக் கட்டிவிட்டு, எல்லாத் திசையிலிருந்தும் ஆரஞ்சு ஆள்கள் குளத்தை நோக்கி ஓடி வந்தார்கள்.

நான் நினைத்தது சுடுவதை நிறுத்துவார்கள் என்பதை மட்டும்தான். தேடுவார்கள் என்று நினைக்கவே இல்லை.

"என்ன வயசு, மேம்?" என்று கேட்டார் வயதானவர்.

"சின்னவன்," என்றேன். "ரொம்பச் சின்னவன்."

"என்ன கலர் போட்டிருக்கான்?"

"மஞ்சள்."

அவர் திரும்பி, மஞ்சள், மஞ்சள் என்று மற்றவர்களிடம் கத்தினார். இருபது முப்பது பேர் இருக்கும், கைக்குக் கை எட்டுகிற தூரத்தில் வரிசையாக நின்று, காய்ந்த புல்லையும் கோரையையும் விலக்கிக்கொண்டு, மஞ்சள் நிறத்தைத் தேடி நடந்தார்கள்.

"பேர் என்ன? பேர் சொன்னாத்தான் கூப்பிட முடியும்."

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அதிர்ச்சியில் பேச்சு நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டார். என் தோளைத் தட்டிவிட்டு அவரே கூப்பிட ஆரம்பித்தார்: "பட்டி! ஹே, பட்டி!" தெரியாத பையன்களை இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், நாம் ராசா, தம்பி என்கிற மாதிரி. மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வயல் முழுக்க, கரை முழுக்க, கரகரத்த ஆண் குரல்கள் என் மகனைக் கூப்பிட்டன. அவனை யாரும் அதுவரை கூப்பிட்டதே இல்லை. நிறுத்துங்கள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கூப்பிடட்டும் என்று இருந்தது.

அந்தத் தடித்த ஆள் தண்ணீரில் இறங்கினார். எங்கள் இடத்தில்தான். முகம் தண்ணீரில் படும் அளவுக்குக் குனிந்து, இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, அடியைத் தடவித் தடவித் தேடினார். நவம்பர்த் தண்ணீர் அது. சட்டை தோள்வரை நனைந்து, உதடு நடுங்க, ஒவ்வோர் அடியாக நகர்ந்து தடவினார். அதைப் பார்த்ததும்தான் உடைந்துபோனேன்.

"வேண்டாம், வெளியே வாங்க," என்றேன். "உயிரோட இல்லை. ஜூலையில் போயிட்டான். சாம்பலை இந்தத் தண்ணியிலதான் கரைச்சோம்."

வயதானவருக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. கோபப்பட்டுத் திட்டுவார் என்று தயாராக நின்றேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தண்ணீரில் நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல், அசையாமல், கைகளைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "சாரி, மேம்," என்று அங்கிருந்தே சொன்னார். பிறகு, தூங்குகிற பிள்ளை விழித்துவிடக் கூடாது என்பது போல, ஒவ்வொரு காலாக மெதுவாக எடுத்து வைத்துக் கரையேறினார்.

ஒருவர் பின் ஒருவராகக் கலைந்து போனார்கள். வயதானவர் தன் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். தூரத்திலிருந்தே ஆள் என்று தெரியும், அது இல்லாமல் இங்கே வரக் கூடாது என்றார். காருக்கு நடக்கும்போது விஷயத்தைச் சொன்னார்: இது சரணாலயம் இல்லை, வேட்டைக்கென்றே அரசாங்கம் வைத்திருக்கும் இடம். இந்த மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி தூக்கக் கூடாதென்று சட்டம். அந்த நீள வால் பறவைகளை அரசாங்கமே பண்ணையில் வளர்த்துக் கொண்டுவந்து விடுகிறது. சோளம் அவற்றுக்கு. குளம் வாத்துக்கு. எல்லாம் இவர்களுக்கு. வேட்டைக்காரர்கள் கட்டுகிற லைசென்ஸ் பணம் இல்லையென்றால் இந்த இடத்தில் எப்போதோ வீடு கட்டி விற்றிருப்பார்கள் என்றார்.

வளர்த்துவிட்டுச் சுடுவார்களாம், அதற்கு ஒரு பலகையாம் என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் கொதித்தேன். அவர் ஃப்ரீசரைத் திறந்து, அதிலிருந்த கோழியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடினார். கொங்கு நாட்டுக்காரிக்கு அதற்கு மேல் அந்த வழக்கை நடத்த முடியவில்லை. பிறகு மீதியையும் சொன்னேன், தேடியதையும் கூப்பிட்டதையும். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே கேட்டவர், "என்னன்னு கூப்புட்டாங்க?" என்றார். சொன்னேன். சிறிது நேரம் கழித்து, ஃபோன் பேசி முடித்துவிட்டு வந்து, காதில் விழாதவர் போல மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன்.

அதன்பின் சனிக்கிழமைகளிலும் போக ஆரம்பித்தேன், அந்த ஆரஞ்சுச் சட்டையோடு. துணை வேண்டாமா அவனுக்கு, சத்தம் போடுகிற நாளில்தானே பயப்படுவான்? முழங்கால்வரை தொங்கும் சட்டையில் கரையில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வேட்டைக்காரர்கள் தலையசைத்துவிட்டுத் தள்ளிப் போவார்கள். ஜனவரியில் குளம் உறைந்தது. பனிக்கட்டிக்கு அடியில் அவனுக்குக் குளிருமே என்று அழுதேன். கணவர் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம்.

அடுத்த வசந்தத்தில் வேலைகள் சரிய ஆரம்பித்தன. வாரத்துக்கு ஒரு வீட்டில் அட்டைப்பெட்டி கட்டினார்கள். எங்கள் முறையும் வந்தது, அவருக்கு வேலை போனது. எச்-1 விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். தெரிந்தவர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டு, கடைசியில் டெக்சஸில், பிளானோவில் ஒரு வேலை கிடைத்தது. அவர் அதைச் சொன்னபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க போங்க. நான் வல்ல," என்றேன்.

"வராம? இங்க தனியா என்ன பண்ணுவ?"

"தனியா எங்க? அவன் இருக்கறான்ல. அவன விட்டுட்டு எப்படிங்க வர்றது?"

"அம்மிணி, அது..." என்று ஆரம்பித்தார்.

"அது இதுன்னீங்கன்னா பாருங்க!" என்று மடித்த துணியையெல்லாம் அவர்மேல் வீசினேன்.

வாரக்கணக்கில் சண்டை. எச்-4இல் இருப்பவள் கணவர் இல்லாமல் எதை வைத்து இங்கே இருப்பது என்று எனக்கும் தெரியும். அறிவுக்குத் தெரிந்து என்ன செய்ய? நான் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை கரைக்கு யாரும் வராத குளத்தில் அவன் காத்துக்கொண்டிருப்பான் என்ற நினைப்பு என்னை விடவில்லை. அவர் பிளானோக்காரர்களிடம் கெஞ்சிச் சேரும் நாளைத் தள்ளிப் போட்டார். ஜூன் பிறந்துவிட்டது. பேக்கிங், வீட்டுக்காரர், கார் விற்பது என்று அலைந்ததில் சில ஞாயிறுகள் குளத்துக்குப் போகவே முடியவில்லை. கடைசியாக ஒரு ஞாயிறு காலையில், "வா, போய்ச் சொல்லிட்டு வந்தரலாம். அப்பறமும் நீ வல்லைன்னா, நான் அந்த வேலைய வேண்டாம்னு சொல்லிடறேன்," என்றார். வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

காரிலேயே முடிவு செய்துவிட்டேன். போவதில்லை. என்ன வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம்.

பார்க்கிங்கில் இறங்கியதும் பலகையைப் பார்த்தேன். நவம்பருக்குப் பிறகு எந்தப் பலகையையும் படிக்காமல் நான் நகர்வதில்லை. புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்து நீரைத் திறந்துவிடுவது வழக்கமாம். சேறு காய்ந்து, வாத்துக்கு வேண்டிய புல் முளைத்த பின், இலையுதிர் காலத்தில் மறுபடி நீர் நிரப்புவார்களாம். படித்தேன். அர்த்தமும் புரிந்தது. ஆனாலும் கரை ஏறிப் பார்க்கும்வரை நம்பவில்லை.

குளம் இல்லை. கறுப்புச் சேறு, அதில் அங்கங்கே தேங்கின தண்ணீர், குச்சிக் கால் பறவைகள் கொத்திக்கொண்டு நடந்தன. சேற்றின் ஓரத்தில் புல் பச்சையாக அரும்பத் தொடங்கியிருந்தது. மதகுப் பெட்டியில் பலகைகளைக் காணோம். ஓடிப்போய் மறுபக்கம் எட்டிப் பார்த்தேன். குழாய் வழியாகத் தண்ணீர் இன்னும் கசிந்து ஒரு வாய்க்காலில் விழுந்து, வாய்க்கால் மரங்களுக்குள் நுழைந்து போய்க்கொண்டிருந்தது. அங்கே ஓடை இருக்கிறது, காரில் தாண்டித்தான் வருவோம். ஓடை ஆற்றில் சேரும். ஆறு எங்கே போகும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும்.

எனக்குக் கத்தி அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் அழுகை வரவில்லை. நான் போவதா இருப்பதா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, சொல்லிக்கொள்ளாமல் அவன் முதலில் கிளம்பிவிட்டான்.

திரும்பினால் கணவர் கரையில் இல்லை. சேற்றுக்குள் இறங்கியிருந்தார். ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகிற ஷூ. கணுக்கால்வரை புதைந்து, பிடுங்கிப் பிடுங்கி நடந்து, சரியாக நாங்கள் அன்று நின்ற இடத்தில் போய் நின்றார். அந்த இடத்தை அவர் இவ்வளவு துல்லியமாக மனதில் வைத்திருப்பார் என்று நான் நினைத்ததில்லை. குந்தி உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் சேற்றில் வைத்துத் தடவினார். தடவித் தடவி நகர்ந்தார். உதடு அசைந்தது. என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை. பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. என்னைக் கிளப்புவதற்காக வந்த மனிதர் எழுந்திருக்கவே இல்லை.

நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்தேன்.

"எந்திரிங்க. இங்க இல்லீங்க அவன். போயிட்டான்."

"எங்க?" என்றார், குழந்தை கேட்கிற மாதிரி.

"கடலுக்கு. நீங்க சொன்னீங்கல்ல, ஓடற தண்ணியிலன்னு. அப்படித்தான் போயிருக்கறான். நாமதான் இங்கயே உக்காந்துட்டிருக்கறோம். வாங்க, போலாம்."

அவரைக் கரையேற்றக் கொஞ்ச நேரம் ஆனது. கார் வரைக்கும் என் கையை விடவில்லை. அந்த வாரமே நியூ ஜெர்சியைக் காலி செய்தோம்.

பிளானோ வீட்டுக்கு ஒரு கராஜ் இருந்தது. அட்டைப்பெட்டிகளைப் பிரித்தபோது அந்த ஷூ பிளாஸ்டிக் பையில் சுற்றியபடி வெளியே வந்தது. கழுவ எடுத்தேன். "இருக்கட்டும்," என்று வாங்கி கராஜ் மூலையில் வைத்தார். டெக்சஸ் வெயிலில் சேறு காய்ந்து வெளுத்து, தானாகவே உதிர்ந்து, தரையில் கொஞ்சம் மண்ணாகக் கிடந்தது. விளக்குமாற்றோடு போய் நின்று பார்த்தேன். ஒரு விபூதி டப்பா அளவு இருக்கும். பெருக்கித் தள்ளக் கை வரவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.